பருத்திச் சீருடை எங்கே போனது? திருச்சி வழியாக ஒரு தேடல்

மே மாதக் கடைசியில் திருச்சி பெரிய கடைவீதியிலோ என்.எஸ்.பி. ரோட்டிலோ சீருடைத் துணி எடுக்கப் போனவர்களுக்கு இந்த உரையாடல் பழக்கமாக இருக்கும். "முழுக் காட்டன்ல கிடைக்குமா?" என்று கேட்டால், "யூனிஃபார்ம்ல காட்டன் வராது சார், மிக்ஸிங்தான். எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க" என்று பதில் வரும். நிறைய பேருக்கு அது ஒரு சாதாரணத் தகவல். துணியை வாங்கிக்கொண்டு தையல்காரரிடம் போய்விடுவார்கள்.

கரப்பான் இருக்கிற குழந்தையைப் பெற்றவர்களுக்கு அப்படி இல்லை. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து, இடுப்புப் பட்டை இறுக்குகிற இடம் – இங்கெல்லாம் தோல் சிவந்து, சொறிந்து, புண்ணாகும். தோல் டாக்டர்கள் மருந்தோடு சேர்த்து ஒரு வரி சொல்வார்கள்: "தளர்வா, மெல்லிசா, காட்டன் போடுங்க." வீட்டில் போட்டுவிடலாம். காலை எட்டரை மணியிலிருந்து மாலை நாலரை வரை என்ன செய்வது? என் பெண்ணுக்கும் இந்தத் தொந்தரவு உண்டு. அதனால்தான் இதைத் தேட ஆரம்பித்தேன்.

தேடத் தேட ஒரு விஷயம் தெளிவாச்சு. "யூனிஃபார்ம்ல காட்டன் வராது" என்பதை ஏதோ இயற்கை விதி மாதிரி சொல்கிறோம். ஆனால் அந்த விதிக்கு வயது நாற்பது சொச்சம்தான். அதற்கு முன்னால் சீருடை என்றாலே பருத்திதான். நடுவில் யார் என்ன முடிவெடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று பார்த்தால், விலை, உழைப்பு, நெசவாளர் வேலைவாய்ப்பு, மிடுக்கு என்று எல்லாக் காரணமும் வருகிறது. குழந்தையின் தோல் மட்டும் எங்கேயும் வரவில்லை.

உறையூரிலிருந்து தொடங்கலாம்

திருச்சிக்காரர்கள் பருத்தித் துணியைத் தேடி அலைவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்' என்ற வணிகக் கையேடு, 'அர்கரு' என்ற ஊரையும் அந்த ஊர்ப் பெயரிலேயே விற்ற மெல்லிய துணியையும் குறிப்பிடுகிறது. இந்த அர்கரு நம்ம உறையூர்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழாய்வு செய்தபோது செங்கல்லால் கட்டிய சாயத் தொட்டியும் கிடைத்தது. அதாவது நெசவு, சாயம் இரண்டும் இந்த மண்ணில் குறைந்தது இரண்டாயிரம் வருஷத் தொழில்.

பழங்கதை மட்டும் இல்லை. உறையூர்ப் பருத்திச் சேலைக்கு இன்றைக்கும் பெயர் உண்டு. முசிறி பக்கம் மணமேட்டில் கைத்தறி இருக்கிறது. 1995 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த பெரம்பலூர் கரிசல் மண்ணில் பருத்தி விளைகிறது. அதே மாவட்டத்தில் இருந்த கரூரிலிருந்து பருத்திப் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் உலகமெல்லாம் போகிறது. இவ்வளவு இருந்தும் இந்த ஊர்ப் பிள்ளை ஒருவனுக்குப் பருத்திச் சட்டையோடு பள்ளிக்கூடம் போக வழி தேட வேண்டியிருக்கிறது.

கதரும் காக்கியும்

உடையின் இழை என்ன என்பது பெரிய அரசியல் கேள்வியாக இருந்த காலமும் இந்த ஊருக்கு உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துக்குத் திருச்சியிலிருந்துதான் நடந்தார்கள். அவர்களுக்குக் கதர் ஒரு சீருடை மாதிரி. அங்கே கேள்வி நிறத்தைப் பற்றியதோ தையலைப் பற்றியதோ இல்லை, நூலைப் பற்றியது. இந்த நூலை யார் நூற்றது, யார் நெய்தது என்பதுதான் விஷயம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தது வேறு மரபு, காக்கி. 1840களின் பிற்பகுதியில் பெஷாவர் பக்கம் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி தன் படைக்குப் புழுதி நிறத்தில் உடை கொடுத்ததிலிருந்து இந்த வரலாறு ஆரம்பிக்கிறது. காக்கி என்ற சொல்லுக்கே புழுதி நிறம் என்றுதான் பொருள். பட்டாளத்திலிருந்து போலீசுக்கும், அங்கிருந்து சாரணர் படைக்கும், பிறகு பையன்களின் டவுசருக்கும் அது இறங்கி வந்தது. சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலைகளில் நெய்த காக்கி ட்ரில் துணி அந்த நாளில் ரொம்பப் பிரசித்தம். அந்த ஆலை 1996ல் மூடப்பட்டது. "பின்னி காக்கி" என்று சொல்லிப் பாருங்கள், அறுபது வயது தாண்டியவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கிழியவே கிழியாது என்பார்கள்.

அது நூறு சதவீதப் பருத்தி. கூடவே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அது முரட்டுத் துணி. இரும்பு, குரோமிய உப்புகளைக் கொண்டு ஏற்றும் பழைய காக்கிச் சாயம் துணியை இன்னும் விறைப்பாக்கும். அதன்மேல் கஞ்சி வேறு. கரப்பான் உள்ள தொடைக்கு அது சுகமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

காமராஜர் காலம்: எல்லாருக்கும் ஒரே துணி

1956ல் மதிய உணவு, 1958ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், அதைத் தொடர்ந்து 1960களின் தொடக்கத்தில் சீருடை. காமராஜர் முதல்வர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநர். ஊர் மக்களிடம் நன்கொடையாக வாங்கிப் பள்ளிக்குக் கரும்பலகை, நாற்காலி, கட்டடம் என்று சேர்த்தார்கள். சீருடையின் நோக்கம் எளிமையானது: பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும்போது சட்டையைப் பார்த்து யார் யார் என்று தெரியக் கூடாது.

இது பெரிய விஷயம். சீருடையே வேண்டாம் என்று வாதாடுகிறவர்களோடு நான் சேர முடியாமல் போவது இதனால்தான். அன்றைக்கு மலிவான துணி என்றால் பருத்திதான் என்பதால் இழையைப் பற்றி யாரும் தனியாக முடிவெடுக்க வேண்டிய தேவையும் இல்லை. வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர். பெண் பிள்ளைகளுக்கு நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, பெரிய வகுப்பு என்றால் தாவணி.

டெரிகாட்டன் வந்த வழி

1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது 'காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன்' என்ற நிறுவனத்தில். காலிகோ என்றால் நம்ம கோழிக்கோட்டின் பெயரில் வந்த பருத்தித் துணி. பருத்தியில் அச்சுப் போட்டுப் பிழைத்த கம்பெனியின் சோதனைக்கூடத்திலிருந்துதான் பருத்தியை ஓரங்கட்டிய இழை வந்தது!

அதுதான் டெரிலின். இந்தியாவில் 1960களின் நடுவில் மும்பை அருகே தாணேயில் 'டெரீன்' என்ற பெயரில் உற்பத்தி ஆரம்பித்தது. பருத்தியோடு கலந்தது டெரிகாட்டன். ரொம்ப நாளைக்கு அது பணக்காரத் துணி. மாப்பிள்ளைக்கு டெரிகாட்டன் சட்டை எடுத்தால் பெரிய மரியாதை. 1982ல் ரிலையன்ஸின் பாதாள்கங்கா ஆலை ஓட ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டில் உற்பத்தி பெருகி, வரிகளும் குறைய, பணக்காரத் துணி எல்லார் வீட்டுத் துணியாகிவிட்டது.

இதை வெறும் கம்பெனிச் சதி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வேறு கதை. வெள்ளைப் பருத்திச் சட்டை என்றால் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, சொட்டு நீலம் போட்டு, கஞ்சி போட்டு, காயவைத்து, தண்ணீர் தெளித்து, கரிப்பெட்டியில் தேய்க்க வேண்டும். இதையெல்லாம் செய்தது யார்? அம்மாதான். டெரிகாட்டன் அந்த வேலையில் பாதியைக் குறைத்தது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நிறையப் பிள்ளைகளிடம் இருந்தது ஒரே ஒரு செட் சீருடை. சாயங்காலம் வந்ததும் துவைத்துக் கொடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பருத்தி ட்ரில் காயாது. ஈர டவுசரோடு போன பிள்ளைக்கு டெரிகாட்டன் ஒரு வரம்தான். இதை மறந்துவிட்டு "இயற்கைக்குத் திரும்புவோம்" என்று பேசுவது வசதியானவர்கள் பேசுகிற பேச்சாகிவிடும்.

1985

அடுத்து வந்த திருப்பத்துக்கும் திருச்சிக்கும் தொடர்பு உண்டு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில். அந்தத் திட்டத்தில் சாப்பிடும் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1985ல் இலவசச் சீருடைத் திட்டம் வந்தது. துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தர வேண்டும், கோ-ஆப்டெக்ஸ் வழியாக அது வர வேண்டும், மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்க வேண்டும் என்று ஏற்பாடு. பிள்ளைக்கு உடை, நெசவாளருக்கு வருஷம் முழுக்க வேலை, பெண்களுக்குத் தையல் கூலி. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

அதே 1985 ஜூனில் டெல்லியில் மத்திய அரசு புதிய ஜவுளிக் கொள்கையை அறிவித்தது. பருத்தியையும் செயற்கை இழையையும் ஆலைகள் எந்த அளவிலும் கலந்துகொள்ளலாம் என்பது அதில் முக்கியமான அம்சம். கலப்பு நூல் மலிந்தது.

கைத்தறி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனசு பருத்தி என்று எடுத்துக்கொள்கிறது. தறிக்கு அந்த வேற்றுமை கிடையாது. பாவில் என்ன நூல் ஏற்றினாலும் நெய்யும். சீருடைத் திட்டத்தில் பாலியஸ்டர் கலந்த துணி வந்தது இப்படித்தான். நெசவாளர் பிழைத்தார், துணி உழைத்தது, சாயம் நின்றது. திட்டம் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கோடிக்கணக்கான பிள்ளைகள் கிழியாத சட்டை போட்டது அந்தத் திட்டத்தால்தான்.

ஆனால் 2012-13லிருந்து வருஷத்துக்கு நான்கு செட் கொடுக்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "ஒரே செட், ராத்திரிக்குள் காய வேண்டும்" என்பதுதானே கலப்புத் துணிக்கு இருந்த வலுவான நியாயம்? நான்கு செட் இருக்கிற பிள்ளைக்கு அந்த நியாயம் பெரும்பாலும் கழன்றுவிடுகிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஏதோ ஒரு தடைக்காகப் போட்ட மாற்று வழி, தடை போன பிறகும் அப்படியே கிடக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தனியார் பள்ளிகளில் கதை வேறு. 1990களுக்குப் பிறகு ஆங்கில வழிப் பள்ளிகள் பெருகப் பெருக, ஆலைகள் சீருடைக்கென்றே பாலியஸ்டர் – விஸ்கோஸ் துணி போட ஆரம்பித்தன. பள்ளி ஒரு ஷேடு நம்பரைத் தேர்ந்தெடுக்கும். அந்த நம்பர் அந்தத் துணியில் மட்டும்தான் கிடைக்கும். ஆக, நிறத்தைத் தேர்ந்தெடுத்த நிமிஷமே இழையும் முடிவாகிவிடுகிறது, யாரும் அதைப் பற்றிப் பேசாமலே. "காட்டன் வராது" என்று கடைக்காரர் சொல்வதன் உண்மையான அர்த்தம் இதுதான்.

தோலின் கணக்கு

ஸ்ரீரங்கம் கோயிலொழுகில் ஒரு சம்பவம் உண்டு. படையெடுப்பின்போது வெளியே போன அழகிய மணவாளர் பல வருஷம் கழித்து 1371ல் திரும்பி வந்தார். அதற்குள் கோயிலில் வேறொரு திருமேனியும் இருந்தது. எது பழையது என்ற குழப்பம். பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சனம் ஆன ஈரவாடையின் தீர்த்தத்தை உட்கொண்டு பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்றாராம். அந்தப் பெயரே நிலைத்தது. கதையின் ஆதாரம் ஒரு பிழிந்த துணி. துணி ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் அடிப்படை.

இப்போது எண்களுக்கு வருவோம். சாதாரணக் காற்று ஈரத்தில் 100 கிராம் உலர்ந்த பருத்தி 8 கிராம் வாக்கில் ஈரத்தைத் தன் இழைக்குள் வாங்கும். பாலியஸ்டர் 0.4 கிராம்தான் வாங்கும். 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி உள்ள கலப்பு என்றால் ஏறக்குறைய 3 கிராம். விஸ்கோஸ் பருத்தியைவிடவும் அதிகமாக வாங்கும்.

திருச்சி வெயிலில் ஐம்பது பேர் உட்கார்ந்த வகுப்பறையில் பிள்ளைக்கு வியர்க்கிறது. அந்த வியர்வையைத் துணி வாங்காவிட்டால் அது தோலிலேயே நிற்கும். ஆரோக்கியமான தோலுக்கு அதிகபட்சம் வேர்க்குரு. கரப்பான் தோலின் மேலடுக்கு ஏற்கெனவே பலவீனம், வியர்வையின் உப்பு பட்டாலே அரிக்கும். சொறிந்தால் புண். புண் ஆறுவதற்குள் மறுநாள் முதல் பீரியட்.

சாயம் இன்னொரு பக்கம். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் வகைச் சாயங்களில் சில, குறிப்பாகச் சில அடர்நீலங்கள், தோல் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது மருத்துவத்தில் நன்றாகப் பதிவான விஷயம். சுருக்கம் விழாமல் இருக்கப் பூசும் பிசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கலாம். அது பருத்தித் துணியிலும் உண்டு. "ரிங்கிள் ஃப்ரீ காட்டன்" என்று போட்டிருந்தால் கொஞ்சம் யோசிங்க.

இயற்கை இழை என்றாலே போதுமா?

போதாது. ஆட்டு ரோமம் இயற்கைதான். ஆனால் தடித்த கம்பளி இழையின் முனை தோலைக் குத்தும், கரப்பான் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. பழைய பின்னி காக்கியும் இயற்கைதான், உராயும். பருத்தியிலேயே நனைந்து தொப்பலாகி உடம்போடு ஒட்டிக்கொண்டால் அதுவும் அரிக்கும், மாற்றுச் சட்டை வேண்டும். ஆகவே இழையின் பெயர் பாதி விஷயம். மீதிப் பாதி நூலின் மென்மை, நெசவின் நெருக்கம், சாயம், தையல் ஓரம், தளர்வு.

இன்றைக்கு என்ன செய்யலாம்

சட்டை வெள்ளை என்றால் கஷ்டமே இல்லை. பருத்தி பாப்ளின் எந்தத் துணிக்கடையிலும் கிடைக்கும், கதர்க் கடையில் மெல்லிய வெள்ளைக் கதரும் கிடைக்கும். ஒற்றை நிறக் கால்சட்டைக்கு, அது காக்கியோ நேவி ப்ளூவோ, மெல்லிய காட்டன் ட்ரில் தேடினால் அகப்படும். கட்டம் போட்ட துணிதான் சிக்கல். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்வதால் ஒரு பிள்ளைக்காக யாரும் தறி பூட்ட மாட்டார்கள். பத்து இருபது பெற்றோர் சேர்ந்து கேட்டால் நெசவாளர் சங்கங்களிடம் பேசிப் பார்க்கலாம்.

கடையில் "காட்டன்" என்று சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். இழை விகிதத்தைத் துணியில் அச்சிட வேண்டும் என்று 1988ஆம் வருஷ விதி இருக்கிறது, கட்டுத் துணியின் முகப்பு மடிப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் நாலு நூலை உருவிக் கொளுத்தியும் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணியாகக் கெட்டிப்படும். விஸ்கோஸும் பருத்தி மாதிரியே எரியும் என்பதால் இந்தச் சோதனை அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, பிறகு தையல்காரரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கும். போடுவதற்கு முன் இரண்டு தடவை அலசினால் மிச்சச் சாயமும் பூச்சும் ஓரளவு போகும். கஞ்சி வேண்டாம். கழுத்து லேபிளை வெட்டிவிடுங்கள். இடுப்பில் முழு எலாஸ்டிக் வேண்டாம்.

பள்ளி ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் கடைசி வழி, உள்பக்கம். பினஃபோருக்கு முழுசாக வெள்ளை மல் துணியில் லைனிங், சட்டைக்குள் காட்டன் பனியன், டவுசரின் இடுப்புப் பட்டைக்குள் பருத்திப் பட்டை. வியர்வை முதலில் தொடுவது பருத்தியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. சூடு கூடும் என்பது இதில் இருக்கிற நஷ்டம்.

விளையாட்டு நாளுக்கான ஹவுஸ் டி-ஷர்ட் பெரும்பாலும் முழுப் பாலியஸ்டர். பிள்ளை அதிகம் வியர்ப்பதும் அன்றைக்குத்தான். பருத்திப் பின்னலாடைக்கு உலகமே தேடி வருகிற திருப்பூர் இங்கிருந்து சில மணி நேரப் பயணம்தான். ஒரு பள்ளி மனசு வைத்தால் முதலில் மாற்றக்கூடியது இதைத்தான்.

பள்ளிகளிடம் கேட்க வேண்டியது சலுகை இல்லை. சீருடையின் நோக்கம் எல்லாரும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பது. அந்த வேலையை நிறமும் தையலும் செய்துவிடுகின்றன, இழைக்கு அதில் பங்கு கிடையாது. ஜூன் மாதச் சுற்றறிக்கையில், நிறத்தைச் சொல்லிவிட்டு, "இதே நிறத்தில் பருத்தித் துணியும் ஏற்கப்படும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். காசு செலவில்லை, டாக்டர் சீட்டு காட்டிக் கெஞ்ச வேண்டியதில்லை, வகுப்பில் தனியாகத் தெரிவோமோ என்று பிள்ளை கூசவும் வேண்டாம். அந்த வரியை எழுதச் சொல்லி வருகிற பெற்றோர் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.